சபைகள் தாங்கிய ஆஸ்பத்திரிகள்: மருத்துவ மிஷனெரிப் பணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்ப் பக்கத்துச் சபை ஒன்றில் மிஷனெரிக் கமிட்டியின் பொருளாளராகப் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் சபை இப்போது மலாவி நாட்டில் பணியாற்றும் ஒரு தமிழ்ப் பெண் மருத்துவரைத் தாங்குகிறது. ஆண்டுதோறும் மிஷனெரி ஞாயிறு முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்ததும், யாராவது ஒருவர் பழைய கேள்வியையே புதிதாகக் கேட்பார். இளைஞர்கள் கேட்பவை இன்னும் கூர்மையாக இருக்கும். அங்கே அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

மருத்துவ மிஷனெரிக்கும் மற்ற டாக்டருக்கும் என்ன வேறுபாடு?

படிப்பில் ஒன்றுமில்லை. அதே உடற்கூறு, அதே தேர்வு, அதே கத்தி. இவரை அனுப்புவது ஒரு சபை, அல்லது பல சபைகள் சேர்ந்த ஒரு மிஷன் சங்கம். இவருடைய சம்பளம் நோயாளியின் மடியிலிருந்து வருவதில்லை. இவரை ஒருமுறைகூடப் பார்த்திராத மக்களின் காணிக்கையிலிருந்து வருகிறது. ஆகவே அவர்களுக்குக் கடிதம் எழுதும் கடமையும் இவருக்கு உண்டு.

முதன்முதலில் வந்தவர் யார்?

அமெரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஜான் ஸ்கடர். நியூயார்க்கில் நல்ல வருமானம் உள்ள டாக்டராக இருந்தவர். ஒருநாள் ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது, அங்கே கிடந்த சிறு பிரசுரம் ஒன்றை எடுத்துப் படித்தார். உலகில் சுவிசேஷம் கேளாத கோடிக்கணக்கான மக்களைப் பற்றியது அது. வீட்டுக்குப் போய் மனைவி ஹாரியட்டிடம் பேசினார். 1819-இல் இருவரும் கப்பலேறினார்கள். வழியில் கல்கத்தாவில் அவர்களுடைய சிறு மகள் இறந்துபோனாள். குழந்தையை அங்கே அடக்கம் செய்துவிட்டுத்தான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு அவருடைய ஊராயிற்று. 1836-இல் சென்னைக்கு மாறினார். அவருடைய பிள்ளைகளில் பலர் இந்தியாவிலேயே மிஷனெரிகளாக உழைத்தார்கள். அவர்களில் மூவர் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். நான்கு தலைமுறைகளில் அந்தக் குடும்பத்தார் நாற்பது பேருக்கு மேல் இந்தப் பணியில் இருந்ததாகக் கணக்குச் சொல்வார்கள். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அந்த முதல் டாக்டரின் பேத்தி.

இவர்களுக்குப் பணம் அனுப்பியவர்கள் பெரிய பணக்காரர்களா?

சிலர் பணக்காரர்கள். பெரும்பாலோர் அப்படியல்ல. ஜான் ஸ்கடரை அனுப்பிய அமெரிக்கன் போர்டு 1810-இல் தொடங்கப்பட்டது. பாஸ்டன் நகரில் இயங்கியது. அதைத் தாங்கிய சபைகளில் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை மாலை மிஷனெரிகளுக்காக ஜெபக்கூட்டம் கூடும். வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்கள் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் அச்சாகியிருக்கும். அவற்றை உரக்கப் படிப்பார்கள். பிறகு காணிக்கை எடுப்பார்கள். பண்டத்தரிப்பில் யாருக்குக் கண்புரை நீக்கினார்கள், எந்த ஊரில் வாந்திபேதி வந்தது என்பதெல்லாம் பனி கொட்டும் ஒரு கிராமத்துக் குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடிதம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் அவர்கள் ஜெபித்த நோயாளி அதற்குள் பிழைத்திருப்பார் அல்லது இறந்திருப்பார். அப்படியும் ஜெபித்தார்கள், கொடுத்தார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்நாட்டுச் சபைப் பெண்கள் தனியே சங்கங்களை அமைத்துக்கொண்டார்கள். ஆற்காடு மிஷனைத் தாங்கிய சீர்திருத்த சபையின் பெண்கள் 1875-இல் தங்களுக்கென்று ஒரு மிஷன் சங்கம் தொடங்கினார்கள். வேலூரின் கதை அந்தச் சங்கம் இல்லாமல் இல்லை.

ஐடா ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டியதாகச் சொல்வது உண்மையில் நடந்ததா?

அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த நிகழ்ச்சி அது. அவர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தபின், தாயின் உடல்நலம் கெட்டதால் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். தந்தை டாக்டர். தானும் மிஷனெரியாவதில் ஐடாவுக்கு விருப்பமே இல்லை. தாய் தேறியதும் திரும்பிவிடும் எண்ணத்தில்தான் இருந்தார்.

ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். அப்பா வருவார், நான் உடன் வருகிறேன் என்று ஐடா சொல்லிப் பார்த்தார். அந்நிய ஆண் தன் மனைவியைத் தொட ஒருவரும் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படிக்காத இந்தப் பெண்ணால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைச் சொல்லும்போது வயதான அம்மாமார் இன்றும் தலையை ஆட்டிக் கேட்பார்கள். வீட்டில் மருத்துவச்சி ஒருத்தியை நம்பிப் பிள்ளை பெற்ற தலைமுறை அவர்களுடையது.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் பணம் எப்படி வந்தது?

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து 1899-இல் கார்னெல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கே பெண்களையும் சேர்த்துப் பட்டம் கொடுத்த முதல் தொகுதி அது. ஊர் திரும்புமுன் வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டச் சொன்னார்கள். வீடு வீடாக, சபை சபையாகப் போனார். நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஷெல் என்ற வங்கிக்காரர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-இல் அந்த அம்மையாரின் பெயரில், மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

கட்டடம் எழும்பும்வரை ஐடா சும்மா இருக்கவில்லை. பங்களாவின் ஒரு சிறு அறையில் நோயாளிகளைப் பார்த்தார். முதல் அறுவை சிகிச்சையின்போது அவருக்குத் துணை நின்றது பங்களா பட்லரின் மனைவி ஒருத்திதான். 1909-இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு ஒரு சிறிய பியூஜோ கார் வந்தது. குடியாத்தம் சாலையில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, காத்திருக்கும் கிராமத்தாருக்கு மருந்து கொடுக்கும் வழக்கம் அதிலிருந்து வலுத்தது.

ஆனால் 1918-இல் நடந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவ்வாண்டு பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியப் பெண்கள் படிக்க வருவார்களா என்று அரசு மருத்துவத் துறையின் மேலதிகாரிக்கே சந்தேகம். 151 விண்ணப்பங்கள் வந்தன. 1922-இல் முதல் தொகுதியின் 14 பேரும் அரசுத் தேர்வில் தேறினார்கள். அந்தத் தேர்வில் ஆண்களில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. அமெரிக்கச் சபைப் பெண்கள் அதுவரை ஒரு டாக்டரை அனுப்பிவைத்திருந்தார்கள். அதன்பிறகு இந்த மண்ணிலேயே டாக்டர்கள் உருவானார்கள்.

பெரிய அளவில் நிதி திரட்டியது எப்போது?

1920-களின் தொடக்கத்தில். வேலூர் உட்பட ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக லூசி பீபாடி என்ற பாப்டிஸ்ட் சபைப் பெண்மணி முன்னின்றார். சபைப் பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், மேலும் 10 லட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை வாக்களித்தது. பல சபைகளையும் சேர்ந்த பெண்கள் ஒற்றை டாலர்களாகச் சேர்த்துக் கெடு முடிவதற்குள் அதை நிறைவேற்றினார்கள். தங்களுக்குள் உபதேச வேறுபாடு ஆயிரம் இருந்தும், இந்தக் காரியத்தில் ஒரே பையில் போட்டார்கள்.

பணம் கொடுப்பவர்கள் சொல்வதைத்தான் மிஷனெரி கேட்க வேண்டுமா?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிக முக்கியமானது இது. வேலூரின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. வலியோடு கிடைத்த பதில்.

1938-இல் சென்னை மாகாண அரசு, மருத்துவப் பள்ளிகள் இனிமேல் டிப்ளமோ தந்தால் போதாது, பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று தீர்மானித்தது. வேலூர் கொடுத்துவந்தது டிப்ளமோ. பட்டக் கல்லூரி என்றால் கூடுதல் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், உயர்படிப்புப் படித்த பேராசிரியர்கள், பெருந்தொகை. இல்லையென்றால் மூட வேண்டியதுதான். அப்போது ஐடாவுக்கு ஏறத்தாழ எழுபது வயது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசினார்.

இதற்கிடையில் ஒரு யோசனை எழுந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டு எல்லாச் சபைகளுக்கும் பொதுவான கல்லூரியாக்கினால், ஆண்கள் நடத்தும் மிஷன் சங்கங்களின் உதவியும் கிடைக்கும், கல்லூரி பிழைக்கும். ஐடாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. பின்பு ஒப்புக்கொண்டார். லூசி பீபாடி ஒப்பவே இல்லை. இந்தப் பணம் பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்தது; அதை ஆண்களுக்கும் பங்குவைப்பது கொடுத்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று அவர் கருதினார். பல ஆண்டு நட்பு முறிந்தது. 1947-இல் ஆண்கள் சேர்க்கப்பட்டார்கள்.

லூசி பீபாடியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னை மாகாணத்துப் பெண்களுக்காக அவர் ஓடிய ஓட்டம் சிறிதல்ல. கொடுத்தவர்களின் எண்ணத்தைக் காக்க வேண்டும் என்ற அவருடைய நியாயமும் நியாயமே. ஆனால் பொருளாளர் நாற்காலியில் இருந்துகொண்டு நான் சொல்வேன்: ஊரில் இருந்து வேலை செய்பவருக்குத் தெரிவது தூரத்திலிருந்து பணம் அனுப்புகிறவருக்குத் தெரியாது. எங்கள் சபை ஒரு தொகையைக் கிணறு வெட்ட என்று அனுப்பி, அங்கே பிரசவ வார்டின் கூரை பறந்துபோயிருந்தால், கூரை போடட்டும். எங்களுக்குக் காரணத்தை எழுதிவிட்டால் போதும்.

காணிக்கையாகப் பணம் மட்டுமா அனுப்பினார்கள்?

இல்லை. பழைய படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீள நீளமாகக் கிழித்து, இறுக்கிச் சுருட்டிக் கட்டுத்துணியாக்கிக் கப்பலில் அனுப்புவார்கள். அமெரிக்க, ஆங்கிலச் சபைகளின் பெண்கள் வாரந்தோறும் ஒரு மாலை கூடி இதைச் செய்தார்கள். என் தாயார் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவர். பெட்டி பிரிக்கும் நாளில் எல்லாரும் கூடிவிடுவார்களாம். சில சுருள்களின் உள்ளே ஓரத்தில் பூவேலை செய்த நூல் இன்னும் இருக்கும். யாரோ கல்யாணத்துக்குத் தைத்த விரிப்பாக இருக்கவேண்டும் என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்ட ஒரு சுருளை அவர் நோயாளிக்குப் போடாமல் தன் பெட்டியில் வைத்திருந்தார். அது தப்பு என்று அவருக்கே தெரியும். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

மதம் மாற்றத்தானே இதெல்லாம்?

ஒளிக்காமல் சொல்லவேண்டும். அனுப்பிய சபைகள் அதை விரும்பின. அன்றைய ஆண்டறிக்கைகளில் எத்தனை நோயாளிகள் என்ற கணக்கோடு எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற கணக்கும் இருக்கும். மருந்து கொடுக்குமுன் காத்திருப்பவர்களுக்குப் பிரசங்கம் நடந்தது.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்களாகவும் முஸ்லிம்களாகவும் வந்து, அப்படியே குணமாகித் திரும்பினார்கள். நோயாளியின் பலவீனத்தைப் பிடியாக்கிக்கொள்வது பாவம் என்பது என் தீர்மானமான எண்ணம். எங்கள் மலாவி டாக்டரிடமும் கமிட்டி அதையே சொல்லி அனுப்பியது. அவருக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் கிறீன் என்ற டாக்டரைப் பற்றிச் சொல்கிறார்களே, அவர் யார்?

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். தமிழ் பேசும் ஒவ்வொரு மருத்துவ மாணவனும் அறிந்திருக்க வேண்டிய பெயர். மாசசூசெட்ஸைச் சேர்ந்தவர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியமும் கற்பித்தலும் தொடங்கினார். அவர் பயிற்றுவித்த மருத்துவர்கள் அறுபதுக்கும் மேல்.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு ஒருவரும் மிஞ்சுவதில்லை என்று கண்டார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். புத்தகம் இல்லையே? தானே மாணவர்களோடு சேர்ந்து உண்டாக்கினார். உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் ஒரு சொல் தேட வேண்டும். பழைய வைத்திய நூல்களில் கிடைத்தால் எடுத்துக்கொண்டார்கள், இல்லையேல் ஆக்கினார்கள். 1873-இல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பிய பிறகும் வூஸ்டரில் தன் வீட்டில் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். 1884-இல் இறந்தபோது, தான் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்பது கல்லறையில் எழுதப்பட வேண்டும் என்பதே அவர் விருப்பமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தன் மாணவர்கள் கால்சட்டையும் மேல்நாட்டுச் சாப்பாடுமாக மாறுவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவனாக இருந்தாலும் உடையிலும் உணவிலும் தமிழனாகவே இருக்க வேண்டும் என்றார். அவருக்குச் சம்பளம் அனுப்பிய பாஸ்டன்காரர்களில் எத்தனை பேருக்கு இது விளங்கியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அவர்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரி இன்றும் வெளிநாட்டுப் பணத்திலா நடக்கிறது?

இல்லை. அன்றாடச் செலவின் பெரும்பகுதி நோயாளிகள் செலுத்தும் கட்டணத்திலிருந்தே வருகிறது. வெளிநாட்டு நண்பர்களின் சங்கங்கள் இன்னும் உண்டு. ஏழை நோயாளிகளுக்கும் புதிய திட்டங்களுக்கும் உதவுகின்றன. நிர்வாகம் முன்னரே நம்மவர் கைக்கு வந்துவிட்டது. 1940-களின் இறுதியில் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஹில்டா லாசரஸ் முதல் இந்தியத் தலைவர். ஐடா 1960-இல் கொடைக்கானலில் இறந்தபோது, அவர் இல்லாமலே நடக்கும் ஓர் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டே கண்மூடினார்.

தமிழ்ச் சபைகள் யாரையாவது அனுப்பியிருக்கின்றனவா, வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தோமா?

அனுப்பியிருக்கிறோம். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. திருநெல்வேலிச் சபைகளின் பணத்தில், திருநெல்வேலிக்காரர்களே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குப் போனார்கள். அன்று அது அவர்களுக்கு வேற்று நாடுதான். மொழி வேறு, சாப்பாடு வேறு. காணிக்கைக்கு நம் பெண்கள் கண்ட வழி கைப்பிடி அரிசி. உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று தனிப்பானையில் போட்டுவிடுவார்கள். வாரக் கடைசியில் அந்த அரிசியைச் சபையில் சேர்த்து விற்றுப் பணமாக்குவார்கள். கையில் காசே பார்க்காத பெண்கள் கொடுக்கக்கூடிய ஒரே காணிக்கை அது. எங்கள் ஊரில் அறுப்பின் பண்டிகை ஏலத்திலும் ஒரு பங்கு மிஷனெரிப் பணிக்குப் போகும். போன ஆண்டு ஒரு பூசணிக்காயை மூன்று பேர் ஏற்றி ஏற்றிக் கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் மீதமிருக்கும் மருந்துகளை அனுப்பலாமா?

வேண்டாம். நாங்கள் செய்து பட்ட பிழையிது. முதல் ஆண்டு ஆர்வத்தில், தெரிந்த டாக்டர்களிடமிருந்து மாதிரி மருந்துகளும் வீடுகளில் மிஞ்சியவையுமாக நான்கு அட்டைப்பெட்டி சேர்த்து அனுப்பினோம். சுங்கத்தில் மாதக்கணக்கில் நின்றது. போய்ச் சேர்ந்தபோது பாதிக்குமேல் காலாவதி. மிச்சத்தில் அங்கே யாரும் பயன்படுத்தாத மருந்துகள். அவற்றைப் பிரித்து, எழுதி, எரிக்க அந்த ஆஸ்பத்திரியின் ஒரே மருந்தாளருக்கு இரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு நாளும் மலேரியா நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். டாக்டர் எங்களைக் கடிந்து ஒரு வரி எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதினார்.

நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது அதற்கு இன்னும் ஓராண்டாவது ஆயுள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் பெரும்பாலும் அந்த நாட்டிலேயே வாங்கிக்கொள்ளப் பணம் அனுப்புவது எளிது. பழைய கருவிகளும் அப்படியே. உதிரிபாகம் கிடைக்காத ஸ்கேன் கருவி அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெட்டிதான்.

பணத்தை நேரே மிஷனெரியின் கணக்குக்கு அனுப்பலாமா?

கூடாது. பதிவு பெற்ற மிஷன் சங்கத்தின் வழியாக, ரசீதோடு மட்டுமே. வெளிநாட்டுக்குப் பணம் போவதற்குச் சட்டம் இருக்கிறது. அதோடு, மிஷனெரியையும் பொருளாளரையும் ஒருசேரக் காப்பாற்றுவது கணக்குப் புத்தகம்.

நாங்கள் நாற்பது குடும்பம் உள்ள சிறிய சபை. எங்களால் என்ன முடியும்?

ஒரே தடவை பெரிதாகக் கொடுப்பதைவிட, சிறு தொகையை மாதாமாதம் தவறாமல் கொடுங்கள். ஆஸ்பத்திரி நடத்துகிறவருக்கு அடுத்த மாதமும் வரும் என்ற உறுதி பெரிது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக வாக்களிக்காதீர்கள். கடிதம் வந்தால் பதில் எழுதுங்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய கோழிகளும் ஆட்டுக்குட்டிகளும் அங்கே குழந்தைகள் வார்டின் சுவரில் ஒட்டியிருக்கின்றன.

என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். போன கிறிஸ்துமஸுக்கு முன் நாங்கள் கேட்டோம். தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதினார். அந்தக் கிராமத்துப் பெண் ஒருத்தி நர்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாள், தந்தை இல்லை, முதலாண்டுக் கட்டணத்தை ஆஸ்பத்திரி ஊழியர்களே சேர்ந்து கட்டிவிட்டார்கள், இரண்டாம் ஆண்டுக்கு உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். கமிட்டி ஒரே கூட்டத்தில் சம்மதித்தது. கடிதத்தின் கீழே ஒரு குறிப்பும் இருந்தது: நாடி பார்க்கப் பழகுவதற்கு, நொடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று அவளுக்கு வேண்டும். அதை வாங்கியாயிற்று. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகும் ஒருவரின் கையில் கொடுத்தனுப்புகிறோம்.